ஒரு சாண் இடப்பக்கம்

இறைச்சிக்கடைக் காகிதத்தில்
வான்கோழித் தலை ஒன்று வரைந்தேன்.
கேள்விக்குறி மாதிரி வந்தது.
பரவாயில்லை வெல்டா,
துப்பாக்கிக்குப் படம் பார்க்கத் தெரியாது என்றான் லீலண்ட்.

மிசௌரி மலையடியில் கைவிட்ட சரளைக் குழி.
சீசன் திறக்கப் பதினோரு நாள்.
நாற்பது கெஜத்தை அவன் நடந்து அளந்தான்.
டேப்பில் பார்த்தால் முப்பத்தேழு.
பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில்
மல்லாந்தே இருபது வருடம் போக்கியவனின் நடை.

துப்பாக்கி டுவெய்னுடையது.
துல்சாவுக்குப் போகையில் படகை எடுத்துக்கொண்டான்,
நாயை எடுத்துக்கொண்டான்,
இதை மட்டும் ஆணியிலேயே விட்டுவிட்டான்.
நாலு வசந்தம், நாலு சேவல், நாலும் தப்பின.
"சுடும்போது கண்ணை மூடிக்கிறே."
மூன்றாம் தடவை அவன் வாயைத் திறக்குமுன்
நானே சொல்லிவிட்டேன்.

கோழித்தீவன மூட்டைமேல் குழலைச் சாய்த்து
முதல் தோட்டா.
கடையில் வரும்போதே இருந்த சோக்.
காகிதம் முழுக்கக் கொசுக்கடி,
நான் வரைந்த தலையில் மட்டும்
ஒரு ரவைகூட இல்லை.
கூட்டமெல்லாம் ஒரு சாண் இடப்பக்கம்,
நாலு விரல் மேலே.

கண்ணை மூடினேனா என்று கேட்டேன்.
நான் உன் கண்ணையா பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான்.

அடுத்து அவன் சுட்டான்.
ஒரு சாண். நாலு விரல்.
சோக்கைக் கழற்றி இன்னும் நெரிப்பதைத் திருகினேன்.
அதே தவறு, இன்னும் இறுக்கமாக.
அதைவிட நெரிப்பது ஒன்று,
டப்பாவில் பாம்புப் படம் போட்டது, முப்பத்தெட்டு டாலர்.
அதே இடம்.
ஒரு தட்டு அகலத்தில் நூற்றுப் பதினாறு ஓட்டை
என்று மார்க்கரால் புள்ளிவைத்து எண்ணினோம்.
எண்பத்து மூன்றில் அவன் கணக்குத் தவறி
மறுபடி முதலிலிருந்து.

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
தோள்பட்டைதான் வலித்தது.

இதே துப்பாக்கியால் ஆறு சேவல் வீழ்த்தியவன் டுவெய்ன்.
எப்போதும் வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிப் பிடித்திருக்கிறான்.
தெரிந்தா,
கைக்குப் பழகி
தெரியாமலேயா?
தொலைபேசி வண்டியில்தான் இருந்தது.
எண்ணும் மனப்பாடம்.
நான் போய் எடுத்துவந்தது தண்ணீர்ப் புட்டி.

பதினைந்து கெஜத்தில் ஒன்று பார்த்துவிடலாம் என்றான்.
பாம்புச் சோக்கில் சுட்டேன்.
ஒரே ஓட்டை, கோழிமுட்டை நுழையும்.
இவ்வளவு நெரித்தால்
பக்கத்தில் வந்து நிற்பதைத்தான் தவறவிடுவாய்
என்று சொல்லிவிட்டு
சொன்னதைப் பற்றி யோசிக்காமல்
மூக்கைத் துடைத்துக்கொண்டான்.
நடுவில் உள்ளதையே மாட்டினேன்.
குறிமணிக்குப் பதில் நகர்த்தக்கூடியது ஒன்று
பதினெட்டு டாலருக்குக் கிடைக்குமாம்.
திருகாணி போதும், கல்யாண ஆலோசகர் வேண்டாம்.

காகிதத்தின் மூலையில் எழுதினேன்:
மார்ச், மேற்குக் காற்று, நாற்பது கெஜம், ஐந்தாம் நம்பர் ரவை.
கீழே சுட்டவர் பெயர் எழுதும் வழக்கம்.
இரண்டு பெயரையும் எழுதினேன்.
பிறகு, கண்ணை அகல விரித்து என்று சேர்த்தேன்.

மிச்சம் ஒரு தோட்டா.
தலைக்கு வலப்பக்கம் வெறும் காகிதத்தைக் குறிவைத்து,
மூட்டை இல்லாமல், தோளிலிருந்தே.
கேள்விக்குறி கிழிந்து தொங்கியது.

சத்தம் குழியைச் சுற்றி அடங்குமுன்
மேட்டுக் காட்டிலிருந்து
ஒரு சேவல் பதறிக் கத்தியது,
யாரோ தன்னைப் பெயர்சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.
இருவரும் அசையவில்லை.
லீலண்டுக்கு இடக்காது கேட்காது,
திசை பிடிபடாமல் தலையைச் சுழற்றினான்.

எங்கே?

கை நீட்டினேன்.
இடப்பக்கம். கொஞ்சம் மேலே.